ஒரே இடத்தில் நலிந்த இரண்டு பேட்டரிகள்: ஒத்தக்கடை பூ வண்டியும் நான்கு வழி சார்ஜரும்

மதுரை ஒத்தக்கடையில் ஒரு பூ வியாபாரி அக்காவிடம் ஓடும் மின்சாரச் சரக்கு வண்டியைப் பற்றியது இந்த ஆய்வு. மூன்று சக்கர வண்டி. இருக்கைக்குக் கீழே நான்கு பேட்டரிகள். ஒவ்வொன்றும் 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் (எத்தனை ஆம்பியரை எத்தனை மணி நேரம் தரும் என்ற கொள்ளளவு), ஆசிட் நிரப்பிய டியூபுலர் (குழாய்த் தகடு) வகை. நான்கும் தொடராக இணைந்து 48 வோல்ட் தருகின்றன. விடியுமுன் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை மூட்டைகளை ஏற்றி, மாசி வீதிக் கடைகளுக்கும் விளக்குத்தூண் பக்கத்துக்கும் சேர்ப்பதுதான் வண்டியின் வேலை. அக்காவின் அண்ணன் மகன் ஓட்டுகிறான்.

மல்லிகை அதிகம் பூப்பது கோடையில்தான். வெயிலும் சுமையும் ஒன்றாக உச்சத்துக்கு வரும் அந்த மாதங்களில்தான் பேட்டரியும் அதிகம் வதைபடும். சித்திரைத் திருவிழா நெருங்கும் நேரத்தில் அக்கா என்னிடம் வந்தார். "தம்பி, முன்பெல்லாம் கடைசி நடை வரை அசராமல் ஓடிய வண்டி. இப்போது எட்டு மணிக்கே மேட்டில் ஏற மறுக்கிறது. கடையில் கேட்டால் நான்கையும் மாற்றச் சொல்கிறார்கள். ஏற்கெனவே ஒன்றை மாற்றியவள் நான்" என்றார்.

ஏற்கெனவே ஒன்றை மாற்றியிருக்கிறார் என்ற சொல்லை நான் அப்படியே குறித்து வைத்தேன். எந்த இடத்தில் இருந்த பேட்டரி என்று ஓட்டுநர் தம்பியிடம் கேட்டேன். வண்டியின் நெகட்டிவ் முனையில் இருந்து எண்ணினால் முதலாவது என்றான். அந்த இடத்தில் புதிதாக வைத்த பேட்டரிக்கு இன்னும் இரண்டு வயதுகூட ஆகவில்லை.

இரவு முழுக்கச் சார்ஜ் ஏற்றி, சார்ஜரைக் கழற்றி, சில மணி நேரம் ஓய்வு கொடுத்த பிறகு ஒவ்வொன்றாக அளந்தேன். முதலாவது 12.21 வோல்ட். மற்ற மூன்றும் முறையே 12.60, 12.63, 12.60. கூட்டினால் 50.04. நான்கும் நிறைந்திருந்தால் 50.4 இருக்க வேண்டும். ஓட்டுநருக்கு எதிரே உள்ள மீட்டர் முழு எண்ணை மட்டும் காட்டுவது. இரு நிலையிலும் அது 50 என்றே சொல்லும். ஒரு பேட்டரி பாதிச் சார்ஜுக்குச் சற்று மேலே நின்று தவிக்கும்போது வண்டியின் மீட்டர் எல்லாம் நலம் என்று காட்டியது இப்படித்தான்.

ஆசிட் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் அதையே உறுதி செய்தது. பேட்டரியின் மேல் ஒட்டிய தாளில் முழுச் சார்ஜுக்கு ஆசிட் அடர்த்தி 1.260 என்று இருந்தது. முதல் பேட்டரிக்குள் இருக்கும் ஆறு செல்களும், அதாவது ஆறு தனி அறைகளும், 1.195ஐ ஒட்டி நின்றன. அடர்த்தியோடு 0.84ஐக் கூட்டினால் ஒரு செல்லின் ஓய்வு வோல்டேஜ் ஏறத்தாழக் கிடைக்கும்; அதை ஆறால் பெருக்கினால் பேட்டரியின் வோல்டேஜ். 1.195க்கு அது 12.21. மீட்டரும் ஆசிட்டும் ஒரே சாட்சி சொன்னால் அளவை நம்பலாம். வெயில் காலத்தில் ஒரு திருத்தம் உண்டு: 27 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.0007ஐ அளவோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். 37 டிகிரியில் அளந்தால் 0.007 கூடும்.

ஆறு செல்களும் ஒரே அளவில் தாழ்ந்திருந்தது எனக்கு நம்பிக்கை தந்தது. ஒரு செல் மட்டும் கீழே கிடந்து மற்ற ஐந்தும் நன்றாக இருந்தால் அந்தச் செல்லுக்குள் தகடு ஒட்டியிருக்கலாம். அதற்கு வைத்தியம் இல்லை. எல்லாம் சமமாகத் தாழ்ந்திருந்தால் அந்த பேட்டரி பட்டினி கிடக்கிறது என்று பொருள்.

ஏன் பட்டினி? தொடர் இணைப்பில் நான்கு வழியாகவும் ஓடுவது ஒரே மின்னோட்டம். 48 வோல்ட் சார்ஜர் இரண்டு முனைகளை மட்டும் பார்க்கிறது. மொத்தம் 57.6 வோல்ட் எட்டியதும், அதாவது சராசரியாகப் பேட்டரிக்கு 14.4 ஆனதும், மின்னோட்டத்தைக் குறைக்கத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் நான் அளந்தபோது முதலாவதில் 13.3, அடுத்ததில் 14.7, மூன்றாவதில் 14.9, நான்காவதில் 14.7. கூட்டினால் சரியாக 57.6. சார்ஜர் பொய் சொல்லவில்லை. மூன்று பேட்டரிகள் நிறைந்து, கொதிப்பதுபோல் குமிழி விட்டு, தண்ணீரை இழந்துகொண்டிருந்தன. ஒன்று பாதியிலேயே நின்றுவிட்டது. பச்சை விளக்கு எரிந்தது, வண்டி கிளம்பியது. நாள்தோறும் இதுவே நடந்தால், நிறையாத பேட்டரியின் தகடுகளில் ஈயச் சல்பேட் படிகங்கள் கெட்டிப்பட்டு, பிறகு எந்தச் சார்ஜிலும் கரைய மறுக்கும். மற்ற மூன்றும் அளவு மீறிய சார்ஜில் நீர் வற்றித் தேயும்.

இந்த நிலையில் நான்கையும் தூக்கி எறியச் சொல்வது எனக்குச் சம்மதம் இல்லை. மூன்று பேட்டரிகள் ஆரோக்கியமாக இருந்தன. நல்ல ஈயத்தைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புவது அக்காவின் பணத்துக்கும் கேடு, ஊருக்கும் கேடு.

முதல் பேட்டரியை இணைப்பில் இருந்து தனியே கழற்றி 12 வோல்ட் சார்ஜரில் 5 ஆம்பியரில் நிதானமாக ஏற்றினேன். மணிக்கு ஒரு முறை அடர்த்தியை அளந்து, அடுத்தடுத்து மூன்று முறை அளவு நகராமல் நின்றபோது நிறுத்தினேன். 1.245க்கு வந்தது. 1.260ஐத் தொடவில்லை. பட்டினி கிடந்த காலத்தில் கெட்டிப்பட்ட சல்பேட் போனது போனதுதான். ஆனாலும் ஓட்டத் தகுந்த நிலை.

அடுத்து சார்ஜர். நான்கு தனி வெளியீடுகள் கொண்ட, ஒவ்வொரு வெளியீடும் 12 வோல்ட் பேட்டரி ஒன்றுக்கு 10 ஆம்பியர் வரை தரும் சார்ஜரைத் தேர்ந்தோம். ஒரே பெட்டிக்குள் நான்கு சார்ஜர்கள் இருப்பதாகவே இதைக் கருதலாம். ஒவ்வொன்றும் தன் பேட்டரியை மட்டும் பார்க்கும். அது நிறையும்வரை கொடுக்கும். நிறைந்ததும் தான் மட்டும் குறைத்துக்கொள்ளும். பேட்டரிகளுக்கு இடையிலான இணைப்புப் பட்டைகளைக் கழற்ற வேண்டியதில்லை.

கழற்றாமல் இணைக்கலாம் என்பதற்கு ஒரு கண்டிப்பான நிபந்தனை உண்டு. நான்கு வெளியீடுகளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் தனித்திருக்க வேண்டும். சந்தையில் பல வெளியீடு என்று விற்கும் சில சார்ஜர்களில் நெகட்டிவ் வயர்கள் எல்லாம் உள்ளே ஒன்றாகச் சேர்ந்திருக்கும். தனித்தனியே நிற்கும் பேட்டரிகளுக்கு அதனால் தொல்லை இல்லை. தொடர் இணைப்பில் அது விபத்து. முதல் பேட்டரியின் பாசிட்டிவ் முனையும் இரண்டாவதின் நெகட்டிவ் முனையும் பட்டையால் ஒன்றாக இணைந்தவை. இரண்டாவதின் நெகட்டிவ், சார்ஜருக்குள் முதலாவதின் நெகட்டிவோடு சேர்ந்தால் முதல் பேட்டரி நேரடியாக ஷார்ட் ஆகிவிடும். நூற்றுக்கணக்கான ஆம்பியர் அந்த வயருக்குள் பாயும். கண்ணிமைக்கும் நேரத்தில் காப்புறை உருகித் தீப்பிடிக்கும்.

ஆகவே புதுச் சார்ஜரைப் பெட்டியில் இருந்து எடுத்ததும், மின்சாரமும் கொடுக்காமல் பேட்டரியும் தொடாமல், மல்டிமீட்டரைத் தொடர்ச்சி சோதனையில் (இணைப்பு இருந்தால் கூவும்) வைத்து ஒரு வெளியீட்டின் கறுப்பு வயருக்கும் அடுத்ததின் கறுப்பு வயருக்கும் இடையே வைத்துப் பார்த்தேன். பிறகு சிவப்புக்கும் சிவப்புக்கும், கறுப்புக்கும் அடுத்ததின் சிவப்புக்கும். எந்த இணையிலும் மீட்டர் கூவவில்லை. ஒன்றில் கூவியிருந்தாலும் அந்தச் சார்ஜரைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்பி இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதற்றமாக இருக்கிறது.

சார்ஜரை வண்டியில் ஏற்றவில்லை. குலுங்கலும் புழுதியும் அதற்கு ஆகாது; அதைவிட, ஆசிட் ஆவி வரும் மூடிய அறைக்குள் மின்னணுப் பொருளை வைக்கக் கூடாது. கொட்டகைச் சுவரில் காற்றோடும் பக்கத்தில், வெப்பத் தகடுகள் செங்குத்தாக நிற்கும்படி, மேலும் கீழும் இடைவெளி விட்டுப் பொருத்தினேன். அங்கிருந்து வண்டிக்கு மூன்று மீட்டர் கேபிள்.

கேபிளில் கஞ்சத்தனம் செய்யக் கூடாது. போக வர ஆறு மீட்டர், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 10 ஆம்பியர் ஓடினால் 0.44 வோல்ட் வழியிலேயே போய்விடும். 6 சதுர மில்லிமீட்டரில் அது 0.18க்கு இறங்கும். மெல்லிய வயரானால், சார்ஜர் தன் வாயிலில் 14.4 பார்த்து, மின்னோட்டத்தைக் குறைக்கும் நிறைவு நிலைக்கு வந்துவிட்டதாக எண்ணும்; பேட்டரியின் முனையிலோ 14 வோல்ட்தான் இருக்கும். மின்னோட்டம் குறையக் குறைய இந்த இழப்பும் குறையும் என்பது உண்மை. ஆனால் நிறைவு நிலைக்கு நேரக் கணக்கு வைத்திருக்கும் சார்ஜர், பேட்டரி நிறையுமுன்பே கையைக் கழுவிவிடும். நான்குக்கும் 6 சதுர மில்லிமீட்டர் வயரையே ஒரே நீளத்தில் வெட்டினேன்.

ஒவ்வொரு பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. அதைச் சார்ஜர் பக்கத்தில் வைத்தால், வழியில் வயர் தேய்ந்து வண்டியின் உடம்பில் பட்டால் காப்பாற்ற யாரும் இல்லை. நான்கு வயர் இணைகளுக்கும் தலைகீழாகச் செருக முடியாத இரட்டை முனை இணைப்பிகள்; சார்ஜர் பக்கமும் வண்டிப் பக்கமும் 1 முதல் 4 வரை பெயின்டால் எண்கள். வெளியீடுகள் தனித்தவை என்பதால் எண் மாறினாலும் கேடு வராது. ஆனாலும் எண்களைக் கட்டாயமாக்கினேன். அதன் பலன் பின்னால் வரும்.

முனைகளில் படிந்திருந்த வெள்ளைப் பூச்சை ஆப்பசோடா கரைத்த தண்ணீரால் கழுவி, துடைத்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். கழுவும்போது அடைப்பான்கள் மூடியிருக்க வேண்டும். சோடா உள்ளே இறங்கினால் ஆசிட்டைக் கெடுக்கும்.

நான்கு வெளியீடும் முழுவேகத்தில் ஓடினால் பேட்டரிப் பக்கம் 576 வாட். சார்ஜரின் இழப்பையும் சேர்த்தால் சுவர்ப் பக்கம் 700 வாட்டுக்குள். 230 வோல்ட்டில் 3 ஆம்பியர். வீட்டு பிளக் இதைத் தாங்கும். இருந்தாலும் எர்த் சரியாக உள்ள தனி பிளக்கும் மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லியம்பியர் கசிவுப் பாதுகாப்பும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். பூ மூட்டைகளின் ஈரம் சொட்டும் கொட்டகை அது. தம்பி வெறுங்காலோடு நடக்கிறான்.

சார்ஜரில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் பொத்தான் உண்டு. ஆசிட் வகை, ஏஜிஎம் (ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாய் உறிஞ்சி வைத்திருப்பது), ஜெல் (ஆசிட் கூழாக இருப்பது) என மூன்று. நமக்கு முதலாவது. ஜெல் பேட்டரிக்கு இந்த வோல்டேஜ் அதிகம். லித்தியத்துக்கு இந்தச் சார்ஜரே ஆகாது. வெப்பம் அடுத்த கவனம். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் செல்லுக்கு ஏறத்தாழ 4 மில்லிவோல்ட் வீதம் சார்ஜ் வோல்டேஜைக் குறைக்க வேண்டும். 40 டிகிரி மதுரை மதியத்தில் 12 வோல்ட் பேட்டரிக்கு அது 0.36 வோல்ட். 14.7ல் ஏற்ற வேண்டியதை 14.3ஐ ஒட்டி ஏற்றினால் போதும். இந்தச் சார்ஜரில் வெப்ப உணரி வயர் இருந்தது. அதைச் சுவரில் தொங்கவிடாமல் இரண்டாம் பேட்டரியின் பக்கவாட்டில் ஒட்டினேன். நடுவில் இருப்பதால் அதுதான் அதிகம் சூடாகும்.

வண்டி பதினொரு மணிக்குத் திரும்பும். ஓடிய சூடு ஆற இரண்டு மணி நேரம் விட்டு, ஒரு மணிக்குச் சார்ஜ். 80 ஆம்பியர்-அவர் காலியாகியிருந்தால் எட்டு மணி நேரம் முழுவேகத்திலும், அதன்பின் மூன்று நான்கு மணி நேரம் மெல்லக் குறைந்தும் ஏறும். நள்ளிரவை ஒட்டி முடியும். வண்டி கிளம்ப அவகாசம் இருக்கிறது. செலவு ஏறத்தாழ 6 யூனிட். முதலில் வண்டிச் சாவியையும் மெயின் சுவிட்சையும் அணைப்பது, நான்கு இணைப்பிகளைச் செருகுவது, கடைசியில் சுவர் சுவிட்ச். கழற்றும்போது சுவர் சுவிட்சே முதலில். பழைய 48 வோல்ட் சார்ஜரை இதோடு சேர்த்து ஒருபோதும் போடக் கூடாது.

ஒரு நோட்டை ஆணியில் தொங்கவிட்டு, எந்த எண்ணுக்கு எத்தனை மணிக்குப் பச்சை விளக்கு வந்தது என்று எழுதச் சொன்னேன். தம்பி ஒழுங்காக எழுதினான். ஒரு வாரம் கழித்து அவனே அழைத்தான். "அண்ணே, இரண்டும் மூன்றும் நான்கும் சேர்ந்தாற்போல் பச்சை ஆகின்றன. ஒன்றாம் எண் மட்டும் எப்போதும் முக்கால் மணி நேரம் பிந்துகிறது."

தேறி வந்த பேட்டரி, அதனால் தாமதம் என்று விட்டுவிடலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. முதல் பேட்டரியையும் நான்காவதையும் இடம் மாற்றி வைத்தேன். தாமதம் பேட்டரியோடு போகிறதா, இடத்தோடு நிற்கிறதா என்பதுதான் கேள்வி. அடுத்த நாட்களின் நோட்டு தெளிவாகச் சொன்னது: நான்காம் இடத்துக்குப் போன, தேறி வந்த பேட்டரி மற்றவற்றோடு சேர்ந்து நிறைந்தது; முதல் இடத்துக்கு வந்த நல்ல பேட்டரி முக்கால் மணி நேரம் பிந்தியது. குறை பேட்டரியில் இல்லை. அது உட்கார்ந்திருந்த இடத்தில்.

10 ஆம்பியரில் முக்கால் மணி நேரம் என்றால் 7.5 ஆம்பியர்-அவர். ஏற்றும்போது வீணாவதைக் கழித்தால், முதல் இடம் மற்றவற்றைவிட நாள்தோறும் 6 ஆம்பியர்-அவர் கூடுதலாகக் கொடுக்கிறது. யாருக்கு?

இருக்கையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தோம். முதல் பேட்டரியின் பாசிட்டிவ் போல்ட்டில், பெரிய பட்டைக்கு அடியில், ஒரு மெல்லிய சிவப்பு வயர். அதன் மேல் கறுப்பு டேப் சுற்றி வண்டிச் சட்டத்தோடு கட்டியிருந்தது. தொடர்ந்து போனால் ஹெட்லைட், ஹாரன், கைப்பேசி சார்ஜ் செய்யும் துளை. வண்டியின் விளக்குகள் 12 வோல்ட். 48 வோல்ட்டில் இருந்து 12ஐ உருவாக்கக் கன்வெர்ட்டர் வேண்டும். அதை மிச்சப்படுத்த யாரோ ஒரு மெக்கானிக் ஒரே பேட்டரியில் இருந்து நேராக இழுத்துவிட்டார். மின்னோட்டத்தை அளந்தபோது விளக்கு எரிகையில் 3 ஆம்பியர். மூன்று மணிக்குக் கிளம்பும் வண்டிக்கு ஐந்து மணி வரை விளக்கு வேண்டும். இரண்டு மணி நேரம், 6 ஆம்பியர்-அவர். கணக்கு நேரானது.

வயதாகித்தான் போனது என்று சொல்லி முன்பு மாற்றிய பேட்டரியும், அதன்பின் அதே இடத்தில் வைத்ததும் இந்த வயரால்தான் நலிந்தன. நான்கையும் மாற்றியிருந்தாலும் புதிய நான்கில் முதலாவது இதே கதிக்கு வந்திருக்கும். இதை அக்காவிடம் காட்டியபோது அந்த வயரைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். "இரண்டு சீசன் சம்பாத்தியம் தம்பி இது" என்றார்.

வயரை நீக்கி, நான்கு பேட்டரியில் இருந்தும் சமமாக எடுக்கும் 48க்கு 12 வோல்ட் கன்வெர்ட்டரைப் பொருத்தினோம். சார்ஜின் முடிவில் மொத்தம் 58 வோல்ட்டைத் தாண்டலாம் என்பதால் அதன் உள்ளீடு 60க்கு மேல் தாங்குகிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். அதன் பிறகு நோட்டில் நான்கு எண்களும் சில நிமிட வித்தியாசத்தில் பச்சை ஆகின்றன. நான்கு வழி சார்ஜர் மட்டும் இருந்திருந்தால் அந்த வயரின் திருட்டை அது நாள்தோறும் ஈடுகட்டிக்கொண்டே போயிருக்கும். எண்களும் நோட்டும் இருந்ததால்தான் திருட்டு பிடிபட்டது.

இந்தச் சார்ஜருக்கும் எல்லை உண்டு. அது பேட்டரிகளுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வைத்தான் சரிசெய்யும். ஒரு பேட்டரிக்குள் இருக்கும் ஆறு செல்களும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான். அதனால் மாதம் ஒரு முறை 24 செல்களையும் ஹைட்ரோமீட்டரால் பார்ப்பது நிற்கக் கூடாது. ஒரே பேட்டரிக்குள் செல்கள் பிரிந்து நின்றால் அப்போது மட்டும் சமன்படுத்தும் உயர் சார்ஜ், அடைப்பான்கள் திறந்த நிலையில், ஆள் பக்கத்தில் இருக்க. ஆசிட்டின் சூடு 50 டிகிரியை நெருங்கினால் நிறுத்திவிட வேண்டும். டிஸ்டில்டு வாட்டரைச் சார்ஜ் முடிந்த பிறகு ஊற்ற வேண்டும்; முன்பே நிரப்பினால் சார்ஜில் பொங்கி ஆசிட் வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும் அது மூழ்கும் அளவுக்கு முன்கூட்டியே. ஆழ்துளைத் தண்ணீரும் கேன் தண்ணீரும் கூடவே கூடாது.

வெள்ளிக்கிழமை தோறும் வண்டிக்குச் சூடம் காட்டுவது அந்த வீட்டு வழக்கம். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமும் இல்லை, உரிமையும் இல்லை. ஆனால் சார்ஜின் முடிவில் வெளிவரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறிக்கு வெடிக்கும். ஆகவே சூடம் சார்ஜ் போடுவதற்கு முன், வண்டியின் முகப்பில், இருக்கை மூடியிருக்கையில். சார்ஜ் ஓடும்போது இருக்கை திறந்தே இருக்கும். அந்தக் கொட்டகையில் பீடி கிடையாது.

அக்காவிடம் இன்னொரு வண்டியும் இருக்கிறது. அதன் இருக்கையையும் கழற்றிப் பார்த்தோம். அதே இடத்தில் அதே வயர். கன்வெர்ட்டர் உடனே போட்டாயிற்று. இன்னொரு சார்ஜர் வாங்கும்வரை அது பழைய 48 வோல்ட் சார்ஜரில் ஏறுகிறது. வாரம் ஒரு நாள், வேலை குறைந்த இரவில், நான்கு வழி சார்ஜருக்கு மாற்றி ஒவ்வொரு பேட்டரியையும் தனியே நிறைத்துக்கொள்கிறார்கள். அதற்கும் தனிப் பக்கம் நோட்டில் இருக்கிறது. 1.245லேயே நிற்கும், தேறி வந்த பேட்டரி முதல் வண்டியின் நான்காம் இடத்தில் ஓடுகிறது. மாத அளவில் அது 1.220க்கு இறங்கினால் அதை மட்டும், அதே வகையில், மாற்றுவது என்று பேசி வைத்திருக்கிறோம்.